வெள்ளையன் பூசாரியின் வலது கால்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர்களான உங்களிடம் முதலில் என் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மறைக்க முடியாத விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொள்வது மரியாதை. நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், நடை, மன அமைதி என்று ஜவ்வாது மலையில் பல வருடம் பாடம் நடத்திய டாக்டர் நான். ஆனால் வார்டுக்குள் எனக்குக் கொஞ்சம் முன்னால் என் வயிறு நுழையும். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண், "சாருக்கு இது எத்தினியாவது மாசம்?" என்று என் நர்சிடம் விசாரித்தாள். தினமும் நடக்கச் சொல்லி எல்லாருக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்க பஜ்ஜிக் கடைக்கு நான் ஸ்கூட்டரில் போவேன். எனக்கே ரத்தக் கொதிப்பு வந்து மாத்திரை போட ஆரம்பித்த பிறகு வெட்கம் தாங்காமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் மையத்துக்கு 'முழுநல மருத்துவ மையம்' என்று பெரிதாகவும் 'வெல்னஸ்' என்று சின்னதாகவும் போர்டு வைத்திருந்தார்கள். மலைக்காரர்கள் அதை வெல்லம் ஆஸ்பத்திரி என்றார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் வெல்லம் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டு வந்தார்கள். யோகா சொல்லிக்கொடுத்தேன். சூரிய நமஸ்காரத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு ஒரு பெண், "இத்தினி வாட்டி குனிஞ்சி நிமிந்ததுக்கு ஒரு காணி சாமைக்குக் களை எடுத்திருக்கலாமே சார்" என்றாள். அவள் சொன்னது சரி. அன்றைக்கு முழுவதும் எனக்கு இடுப்பு வலி.

இவ்வளவு கேலிக்கு நடுவிலும் நான் உண்மையாக நம்பிய விஷயம் ஒன்று உண்டு. நோயை மட்டும் பார்க்காதே, ஆளை முழுசாகப் பார். அவன் யார், யாரோடு வாழ்கிறான், எதற்காக வாழ்கிறான் என்று தெரிந்தால்தான் மாத்திரை வேலை செய்யும். நீங்களும் இதைத்தான் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இதை நம்பி நான் செய்த ஒரு வைத்தியத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். ஆள் பிழைத்துக்கொண்டார். அதனால் சந்தோஷமான கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

புதூர்நாட்டுப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வெள்ளையன் என்பவரை அவர் மனைவி காசியம்மா கூட்டிவந்தாள். கூட்டிவந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள். காலையிலேயே சாராய வாடை. ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம். நான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"காலையில எதுக்காக எழுந்திருக்கறீங்க?"

"இன்னா சார் கேள்வி இது? மூத்திரம் வருது, எழுந்திருக்கறேன்."

என் நர்ஸ் மல்லிகா சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். சர்க்கரை நோய்க்கு அதைவிடச் சரியான பதில் கிடையாது. ஆனாலும் நான் விடவில்லை.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இன்னா கீது? கடை தொறக்கற வரிக்கும் குந்திக்கினு இருப்பேன்."

காசியம்மா வெடித்தாள். "இவுரு அப்பாரு அம்மன் கோயில் பூசாரி சார். மூத்த புள்ள இவுருதான். இவுரு கைக்குத்தான் காப்பு வரணும். குடிகாரன் கைக்கு எவன் கட்டுவான்? அப்பாரு போனதுலேர்ந்து திருவிழாவே நின்னு போச்சு."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வெள்ளையன் தலை குனிந்தார். தன் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. "சர்க்கரைக்காக நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அந்தக் காப்புக்காகச் செய்யுங்க" என்றேன்.

செய்தார். முதலில் குடி போனது. விளைந்த சாமை முழுவதையும் செங்கம் சந்தைக்கு அனுப்பிவிட்டு ரேஷன் அரிசி தின்றுகொண்டிருந்தவர், வீட்டுக்கென்று மூட்டை ஒதுக்கினார். காலையும் மாலையும் கோயில் இருக்கும் கரட்டுக் குன்று ஏறிப்போய் அம்மனுக்கு விளக்கு வைத்தார். நான் எழுதிக்கொடுத்த நடையைவிட அது அதிகம். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் ஒரு வருடம் அவரைக் கவனித்துப் பார்த்துவிட்டுக் காப்பு கட்டச் சொன்னார். நின்றுபோன திருவிழா மறுபடி நடந்தது. சர்க்கரை இறங்கியது. மனிதர் நிமிர்ந்து நடந்தார். நான் அவர் படத்தைப் போட்டுக் ஒவ்வொரு மருத்துவக் கூட்டமாகப் போய்ப் பேசினேன். கைதட்டல் வாங்கினேன். அந்தச் சமயத்தில் என் தலையும் வயிறும் ஒரே அளவுக்குப் பெருத்திருந்தன.

ஒரே ஒரு சிக்கல். பல வருடச் சர்க்கரையில் அவர் பாதங்களில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. முள் குத்தினால் தெரியாது. எப்போதும் செருப்பு போட வேண்டும் என்றேன். "போட்டுக்கறேன் சார். ஆனா காப்பு கட்டிட்டா முடியாது. அம்மன் மண்ணுல வெறுங்காலுதான்" என்றார். வாதாடிப் பார்த்தேன். வருடம் முழுக்கச் செருப்பு, காப்பு நாட்களில் மட்டும் வெறுங்கால், தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது என்று சமாதானம் ஆனோம். இன்றைக்கும் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

காப்பைப் பற்றி உங்களில் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். மஞ்சள் துணியை முறுக்கிப் பூசாரி கையில் கட்டுவார்கள். கட்டிய பிறகு ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பூசாரியோ எல்லைக் கல்லையே தாண்டக் கூடாது. வீட்டுக்குப் போகாமல் கோயிலிலேயே படுக்க வேண்டும். திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்தால் அடுத்த வருடம் மறுபடி கட்டலாம். நடுவில் அவிழ்த்தால் அதை ரத்த உறவில் இன்னொருவர் கட்டிக்கொண்டு முடித்துவைக்கலாம். ஆனால் நடுவில் அவிழ்த்த கைக்கு அதற்கப்புறம் ஆயுசுக்கும் காப்பு கிடையாது. அந்த ஊர்க் கட்டுப்பாடு அது.

நான் சொல்லும் வருடத்துத் திருவிழாவில் ஒரு அதிசயம் நடந்தது. காலையில் சாணம் மெழுகிய கருவறை வாசலில் சிவப்பாக ஒரு காலடி. ஒற்றைக் காலடி. அம்மன் நடந்து போயிருக்கிறாள் என்று ஊர் திரண்டது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கீழே சந்தவாசல்காரரான மல்லிகா சிஸ்டரும் போய்வந்தார். எனக்குக் குங்குமம் கொண்டுவந்தார்.

"சார், பாத்தவுடனே ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. அஞ்சு வெரலும் அப்படியே தெரியுது."

"நம்ம ஆளுக்கு ராஜயோகம்தான்" என்று சொல்லி நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்துக் காசியம்மா தனியாக வந்தாள். வரிசையில் நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"சார், ஒரு வாட்டி வந்து பாருங்க. சோறு குடுக்கப் போனேன். சாம்பிராணிப் பொகையிலயும் நாத்தம் அடிக்குது. கால வேட்டிக்குள்ள மடக்கிக்கினு காட்ட மாட்றாரு."

"வலிக்குதுன்னு சொன்னாரா?"

"ஒண்ணியும் சொல்லல. ஒடம்புதான் அனலாக் கொதிக்குது. அம்மன் எறங்கியிருக்கான்னு ஊர்ல சொல்றாங்க."

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஜீப்பில் போனேன். ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து எல்லைக் கல்லைத் தாண்டி மேலே கோயில். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியதைப் பார்த்து மேளக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். டாக்டருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளையன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேட்டியை விலக்கினேன். வலது கால் பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. உள்ளங்காலில் ஆழமாக ஒரு வெட்டு. கண்ணாடித் துண்டோ கூரான கல்லோ. வீக்கம் கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. அன்றைக்கே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லையென்றால் ஆள் இல்லை.

"பூசாரி, இப்பவே கீழ போகணும்."

"திருவிழா முடியட்டும் சார்."

"முடியற வரைக்கும் நீங்க இருக்க மாட்டீங்க."

"இருக்காட்டிப் போறேன்." சிரித்தார். "சார், காலையில எதுக்கு எழுந்திருக்கறேன்னு கேட்டீங்களே. இதுக்குத்தான். காப்போட போனா நல்ல சாவுதான் சார்."

ஊர்க்கவுண்டர் வேப்பமரத்தடியில் நின்றார். அவரிடம் போனேன். "நாங்க ஒண்ணும் தடுக்கலிங்க சார். காப்ப அவுத்துட்டு அவரு தம்பி கையில கட்டலாம். ஆனா அத பூசாரிதான் தன் கையால அவுக்கணும். நாங்க தொட முடியாது" என்றார். வெள்ளையனின் தம்பி பொன்னன் பக்கத்தில் நின்று, "எனக்கு வேணாங்க. அண்ணன் கையிலயே இருக்கட்டும்" என்று அழுதான்.

காசியம்மா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களும் இப்படி ஒருநாள் நிற்பீர்கள். ஆளை முழுசாகப் பார் என்று படித்தோமே, முழு ஆள் எதிரில் உட்கார்ந்து தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறார். அவருக்குக் கால் முக்கியமில்லை, உயிர்கூட இரண்டாவதுதான். அவரை அப்படி ஆக்கிவிட்டது நான். அந்தக் காப்புதான் நான் அவருக்குக் கொடுத்த மருந்து. மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது. இப்போது அதைப் பிடுங்க வேண்டும். குண்டுக்கட்டாகத் தூக்கிப்போக ஒருவரும் கை கொடுக்க மாட்டார்கள். நான் ஒருவனாகத் தூக்கினால் இரண்டு ஸ்ட்ரெச்சர் வேண்டும்.

அந்த ஆளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். எதைச் சொன்னால் அந்தக் கை தானாக அவிழ்க்கும் என்பதும் தெரியும். கருவறை வாசலைப் பார்த்தேன். சிவப்புக் காலடியைச் சுற்றி மஞ்சளும் பூவும் வைத்திருந்தார்கள். வலது கால். பெருவிரலுக்குக் கீழே மட்டும் அழுத்தமாக, கெட்டியாக, கறுத்துப் போன சிவப்பு. அவர் உள்ளங்காலில் வெட்டு இருந்த அதே இடம்.

குனிந்து அவர் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னேன். "பூசாரி, அது அம்மன் காலடி இல்ல. உங்களோடது."

அவருக்குப் புரியவில்லை. "இன்னா சார்?"

"உங்க கால்ல வெட்டு இருக்குது. அது உங்க ரத்தம்."

"வலிக்கவே இல்லியே சார்."

"வலிக்காது. அதுதான் உங்க வியாதி."

பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி பாதத்தைப் பார்த்தார். கருவறை முன்னால் பூசாரியின் ரத்தம் சிந்தினால் தீட்டு. அந்தத் தீட்டைத் தொட்டுத்தான் இத்தனை நாளாக ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் சூடம் காட்டியவரும் அவர்தான்.

"அம்மன் எதுர்லயா சார்?" என்று கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். யாரையும் பார்க்காமல், "எனுக்கு முடியல. தம்பி பாத்துக்குவான்" என்று மட்டும் சொல்லித் துணியைப் பொன்னன் கையில் வைத்தார். காலடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போர்வையில் தூளி கட்டி நான்கு பேர் தூக்கிப்போனார்கள். எல்லைக் கல் வந்தபோது வெள்ளையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

கீழே ஆஸ்பத்திரியில் முன்பாதத்தை வெட்டி எடுத்தார்கள். உயிர் தங்கியது. இன்னும் ஒரு வேளை தாமதித்திருந்தால் போயிருப்பார் என்று கீழே டாக்டர்கள் சொன்னார்கள். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ஊர்க்கவுண்டர் பலாப்பழம் கொடுத்தனுப்பினார்.

வெள்ளையன் தேறி வந்தார். அதற்கப்புறம் எங்கள் மையத்தில் அவரைப்போல ஒழுங்கான நோயாளி கிடையாது. சொன்ன தேதிக்கு வருவார். சொன்ன மாத்திரையைச் சொன்ன வேளைக்குப் போடுவார். அவருக்கென்று செய்துகொடுத்த செருப்பைக் கழற்றவே மாட்டார். செருப்பைக் கழற்றாதவர் கோயிலுக்குள் போக முடியாது. "டாக்டரு சொல்லியிருக்காரு" என்று அதையே காரணமாக ஊரில் சொல்லிக்கொண்டார். சர்க்கரை அளவு எனக்கே பொறாமை வருகிற மாதிரி இருந்தது. ஒருநாள் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன், காலையில எதுக்காக எழுந்திருக்கறீங்க என்று.

"மாத்திர போடணுமே சார்" என்றார்.

காசியம்மா அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "வூட்ல பேச்சே இல்ல சார். சோறு போட்டா துன்றாரு, போடாங்காட்டி கேக்கறதில்ல. குடிச்சாக்கூடப் பரவால்ல சார். சண்டையாச்சும் போடுவாரு." டாக்டரிடம் வந்து, என் புருஷனைக் குடிக்கச் சொல்லுங்கள் என்று கேட்ட ஒரே பெண் அவள். எழுதிக்கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

பேச வைத்துப் பார்த்தேன். கீழே மனநல டாக்டரிடம் அனுப்பினேன். நல்ல மனிதர், அவரும் மாத்திரை கொடுத்தார், அதையும் ஒழுங்காகப் போட்டார். ஊரில் உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு இறங்குமா என்று கேட்டேன். "ஊரு நம்பிக்கினு கீது சார். அத ஏன் கெடுக்கணும்? நான் ஒருத்தன் கெட்டது போதாதா?" என்றார். ஒரு கூட்டத்தில் அவருடைய ரிப்போர்ட்டைத் திரையில் போட்டு, நீடித்த ஆரோக்கியத்துக்கு எடுத்துக்காட்டு என்றார்கள். கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய் பஜ்ஜி தின்றேன்.

நான் செய்தது தவறா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். மறுபடி அதே தூணடியில் நின்றால் அதையேதான் சொல்வேன். செத்துக்கொண்டிருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் ஒன்று. ஒரு ஆளை எது தாங்கி நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் நம் வைத்தியம். கண்டுபிடித்தவனுக்கு அதை எங்கே தட்டினால் உடையும் என்பதும் தெரிந்துவிடுகிறது. மாத்திரை மட்டும் எழுதுகிற டாக்டரால் வெள்ளையனை அப்படி உடைத்திருக்க முடியாது. அவரால் காப்பாற்றவும் முடிந்திருக்காது. இதற்கு நடுவில் ஏதாவது வழி இருந்தால் நீங்கள் கண்டுபிடியுங்கள். நான் வேலையில் இருந்தவரை தேடினேன். கிடைக்கவில்லை.

அடுத்த வருடத் திருவிழா வந்தது. பொன்னன் கையில் காப்பு. காலடியைச் சுற்றிப் பித்தளைச் சட்டம் அடித்து, மேலே கண்ணாடி போட்டிருந்தார்கள். கூட்டம் இரண்டு பங்கு. திருவிழா நடுவில் ஒரு காலையில் வெள்ளையன் பையோடு மையத்துக்கு வந்தார். அவருடைய தேதி அது இல்லை.

"என்ன, இந்தப் பக்கம்?"

"கீழ பொண்ணு வூட்டுக்குப் போறேன் சார். எல்லாம் முடிஞ்சப்புறம் வர்றேன்."

"காப்பு கட்டியிருக்காங்களே. ராத்திரி வெளியூர்ல தங்கலாமா?"

"என்னை யாரும் கேக்க மாட்டாங்க சார்."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். மேலேயிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னிக்குக் கண்ணாலதான பாத்தீங்க? டெஸ்ட்டு ஒண்ணும் எடுக்கலியே?"

"எடுக்கல."

"அப்ப அது வேற எதுவாச்சும் இருக்கறதுக்கு வாய்ப்பு கீதா?"

இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சொல்ல வேண்டிய பதிலையும் அவரே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் வாங்கிக்கொண்டேன். முகத்தை எவ்வளவு இயல்பாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நிச்சயமா இருக்குது பூசாரி. டெஸ்ட் எடுக்காம அப்படி அடிச்சுச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்தார். நோயாளியின் முகத்தில் எது உண்மை, எது பொய் என்று நான் வருடக்கணக்காகத் தேடிய மாதிரி தேடினார். அதிக நேரம் எடுக்கவில்லை.

"பூசாரின்னு கூப்புடாதீங்க சார்" என்றார்.

எழுந்தார். ஊருக்குப் போகிற நாட்களுக்கும் சேர்த்து மாத்திரை கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் மேலே ஏறும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே இடமில்லாமல் பின்னாலும் பக்கவாட்டிலும் தொங்கிக்கொண்டு, காலடியைப் பார்க்க ஜனங்கள் போனார்கள். கீழே இறங்கும் ஜீப் காலியாக வந்து நின்றது. அவர் ஒருவர்தான் ஏறினார்.